காட்சியைக் கண்டு திரும்பிய கூட்டம்

கதையைக் கேட்டு அழுவது மனித இனத்தின் பழைய வழக்கம். கதையில் மாண்டவன் உலகில் பிறந்தவனே அல்லன் என்பதை நன்கறிந்தும் மனிதர் அழுகின்றனர். இக்கண்ணீருக்குப் பொருள் என்ன? அது கன்னத்தில் உலர்ந்த பின் நெஞ்சில் எஞ்சுவது யாது? இவ்வினாக்கள் இலக்கியத்திற்கு உரியவை, இறையியலுக்கும் உரியவை. முன்னாளில் இவற்றை நம்முன் வைத்தவை ஏடும் அரங்கமும். இந்நாளில் வைப்பதோ உள்ளங்கையில் அடங்கும் சிறு திரை. ஆலந்தலைக் கரையில் வலையைச் சீர்செய்யும் வேளையில், படகின் நிழலில் அமர்ந்திருக்கும் இளைஞர் கைகளிலும் அது உண்டு. கடல் கடந்த நாடுகளில் எடுக்கப்பட்ட தொடர்களின் மாந்தரை, தம் உறவினரைப் போலப் பெயர் சொல்லிப் பேசும் பிள்ளைகள் நம் பங்குகளில் இருக்கின்றனர். ஆகவே, அயல்நாட்டுத் தொடர் ஒன்றின் ஒரு பகுதியையும், அதைக் கண்டோர் உற்ற நிலையையும் இவ்விதழில் ஆராய்வது வீண் வேலையன்று எனக் கருதுகின்றோம்.

மணவிருந்தில் நிகழ்ந்தது

‘கேம் ஆப் த்ரோன்ஸ்’ என்னும் அமெரிக்கத் தொடர் 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்களாக, 73 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்பார் எழுதிய புதின வரிசையைத் தழுவியது அது. நெருப்பைக் கக்கும் பறவை நாகங்களும், பிணங்கள் எழுந்து நடக்கும் பனிநிலமும் கொண்ட கற்பனை உலகம். ஓர் அரியணைக்காகக் குலங்கள் பல பொருதுவதே கதை. அத்தொடரில் ஆபாசக் காட்சிகளும் பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளும் மலிந்துள்ளன என்பதையும், அது சிறுவர்க்கு உரியதன்று என்பதையும் முதற்கண் சொல்லிவிடுதல் நம் கடமை.

அதன் மூன்றாம் பருவத்து ஒன்பதாம் பகுதி 2013 ஜூன் 2 அன்று ஒளிபரப்பாயிற்று. வடநாட்டு அரசன் ராப், தந்தையை அநியாயமாகப் பறிகொடுத்தவன். அதற்கு நீதி கேட்டுப் போரிடுபவன். பாலம் ஒன்றைக் காக்கும் முதிய சிற்றரசன் ஒருவனின் மகளை மணப்பதாக வாக்களித்துவிட்டு, வேறொரு பெண்ணை மணந்துகொள்கிறான். வாக்குத் தவறியதற்கு ஈடாகத் தன் தாய்மாமனை அம்முதியவனின் மகளுக்கு மணமுடிக்க இசைந்து, தாயோடும் கருவுற்ற மனைவியோடும் அவ்வீட்டுக்குச் செல்கிறான். அங்கே அவர்களுக்கு அப்பமும் உப்பும் அளிக்கப்படுகின்றன. அவற்றை உண்ட விருந்தினர்க்கு அவ்வீட்டில் தீங்கு நேராது என்பது அக்கற்பனை உலகின் மீறலாகாத அறம். திருமணம் முடிகிறது, விருந்து நடக்கிறது. பின்பு கதவுகள் சாத்தப்படுகின்றன, இசைவாணர் பகைவர் குலத்துப் பாடலை இசைக்கின்றனர், விருந்தினர் வெட்டப்படுகின்றனர். மனைவி, வயிற்றுக் குழந்தை, மகன், தாய் எவரும் எஞ்சவில்லை. வழக்கமாக இறுதியில் ஒலிக்கும் இசையும் அன்று இல்லை. பெயர்ப் பட்டியல் மௌனத்தில் நகர்ந்து முடிந்தது.

கதாநாயகன் என்று மக்கள் நம்பிய ஒருவனைக் கதையின் நடுவிலேயே இவ்வாறு கொன்றது கண்டோரை உலுக்கிற்று. ஆயினும் இது வெறும் கற்பனையின் கொடுமையன்று. ஸ்காட்லாந்து வரலாற்றின் இரு நிகழ்ச்சிகளை மார்ட்டின் தமக்குத் தூண்டுதலாகக் கூறியுள்ளார். 1440-இல் எடின்பரோக் கோட்டையில், சிறுவனான அரசனின் விருந்துக்கு அழைக்கப்பட்ட டக்ளஸ் குலத்து இளங்கோமகனும் அவன் தம்பியும் கொல்லப்பட்டனர். 1692 பிப்ரவரி 13 அன்று கிளென்கோ பள்ளத்தாக்கில், ஏறத்தாழ இரு வாரங்கள் தம் வீடுகளில் தங்கவைத்து உணவளித்த மக்களையே படைவீரர்கள் விடியற்காலையில் கொன்றனர். மனிதன் கற்பனையில் செய்யும் பாவங்களை அதற்கு முன்பே மண்ணில் செய்திருக்கின்றான்.

கண்டோர் முகத்தில் தோன்றியது

அப்பகுதியினும் மிகுதியாகப் பேசப்பட்டது, அதைக் கண்டோரின் முகங்கள். அப்புதினம் 2000-ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டதால், வாசித்தவர்கள் நிகழப்போவதை அறிந்திருந்தனர். அவர்களுள் பலர், ஏதுமறியாத தம் நண்பர், மனைவி, உடன்பிறந்தோர் ஆகியோரைத் திரைமுன் அமர்த்தி, அவர்கள் அறியாவண்ணம் படம் பிடித்தனர். வாயைப் பொத்தினோர், கூவினோர், எழுந்து நின்றோர், தலையணையில் முகம் புதைத்தோர், விம்மி அழுதோர் என அத்தனை பேரும் பதிவாயினர். அப்பதிவுகள் யூடியூப் வழியாக உலகெங்கும் பரவின. மார்ட்டின் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில் அமர்ந்திருந்தபோது அவருக்கும் அத்தொகுப்பு காட்டப்பட்டது. கதையைக் கண்டு அழுதவரைக் கண்டு மகிழும் புதியதொரு கூத்து பிறந்தது.

நம் நாட்டுக்குத் திரைமுன் உணர்ச்சிவயப்படுதல் புதிதன்று. 1987-இல் இராமாயணத் தொடர் ஞாயிறுதோறும் ஒளிபரப்பானபோது, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு வணங்கிய இல்லங்கள் இந்தியாவில் பல. 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் வந்த ‘சக்திமான்’ தொடரைக் கண்டு, இடரில் சிக்கினால் அவ்வீரன் வந்து காப்பான் என நம்பித் தமக்குத் தாமே தீங்கிழைத்துக்கொண்ட சிறுவர்களைப் பற்றிய செய்திகள் வெளிவந்து நாட்டைக் கலங்கவைத்தன. வீரனாக நடித்த முகேஷ் கன்னா நிகழ்ச்சியிலேயே தோன்றிக் குழந்தைகளுக்கு அறிவுரை கூறினார். ஒரு கூட்டம் திரையை நம்பிற்று. மற்றொன்று திரையால் அதிர்ந்தது. எவ்வாறாயினும், திரையில் காண்பது கண்ணோடு நின்றுவிடுவதில்லை.

உள்ளத்தில் நிகழ்வது உடலின் வழியே காண்போர்க்குப் புலனாவதை மெய்ப்பாடு என்றனர் நம் முன்னோர். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடு கூறி, ஒவ்வொன்றும் நான்கு வாயில்களில் பிறக்கும் என வகுத்தார். அவற்றுள் மருட்கை பிறப்பது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றால். அழுகை பிறப்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றால். எதிர்பாராத புதுமையால் மருள்வது வேறு; இழப்பால் அழுவது வேறு. மேற்சொன்ன பதிவுகளில் இரண்டும் கலந்து காணப்படுகின்றன. ‘இப்படி நடக்கும் என்று நினைக்கவில்லையே’ என்பது மருட்கை. ‘இவர்கள் இனி இல்லையே’ என்பது அழுகை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே நம் ஆய்வின் திறவுகோல்.

அதிர்ச்சியில் உள்ள நன்மை

கண்டோரின் அதிர்ச்சியை நாம் எள்ளி நகையாடவில்லை. அதில் நன்மை ஒன்று பொதிந்துள்ளது. போர்க்களத்தில் ஆயிரவர் மாண்ட காட்சிகளுக்கு அத்துணைக் கலங்காதவர்கள், விருந்து மேசையில் சிந்திய குருதிக்குக் கலங்கினர். ஏன்? உணவளித்தவன் கொல்லலாகாது, உண்டவன் காட்டிக்கொடுக்கலாகாது என்னும் நெறி எவரும் கற்பியாமலே அவர்கள் நெஞ்சில் இருந்தது. மனச்சான்றில் எழுதப்பட்ட சட்டம் என்று பவுலடியார் உரோமையர்க்கு எழுதியது இதனையே. விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் நாட்டினரான நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. மம்ரே தோப்பில் மூவரை எதிர்கொண்டு உபசரித்த ஆபிரகாமின் மக்களாகிய நமக்கும் விளக்க வேண்டுவதில்லை.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். நம் வழிபாட்டின் நடுவில் இருப்பதும் ஒரு மேசையே. அம்மேசையிலும் காட்டிக்கொடுத்தல் நிகழ்ந்தது. தோய்த்த அப்பத்துண்டை ஆண்டவரின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு யூதாசு வெளியே சென்றதையும், அப்போது இரவாயிருந்ததையும் யோவான் குறிப்பிடுகின்றார். அத்தொடரின் மணவிருந்தைக் கண்டு ‘இப்படியும் செய்வார்களா?’ என்று கொதித்த இளைஞன், வியாழன் இரவின் திருவிருந்தில் நிகழ்ந்ததை உணர்வதற்கு ஓர் அடி எடுத்து வைத்தவனே. அந்தக் கொதிப்பைப் பழித்துத் தள்ளாமல், அதைப் பற்றிக்கொண்டு அடுத்த அடிக்கு அவனை அழைத்துச் செல்லுதல் மேய்ப்பர்க்கும் பெற்றோர்க்கும் உரிய பணி.

மார்ட்டினையும் மலிவான அதிர்ச்சியை விற்பவர் என ஒதுக்கிவிட இயலாது. அவ்வதிகாரத்தை எழுத மனமின்றித் தள்ளிவைத்து, நூலின் ஏனைய பகுதிகளை முடித்த பின்னரே எழுதியதாக அவர் கூறியுள்ளார். கதையிலும் காரணமின்றி எதுவும் நிகழவில்லை. வாக்குத் தவறிய ஒரு செயலுக்கும் அக்கொலைக்கும் இடையே சங்கிலி இருக்கிறது. தண்டனைதான் குற்றத்திற்குச் சற்றும் பொருந்தாதது.

அறிந்தவன் என்ன செய்தான்?

நம் குறை வேறொருவனைப் பற்றியது. அவன், முன்பே அறிந்திருந்தவன். ஒளிப்படக் கருவியை மறைத்து வைத்தவன்.

முடிவை அறிந்திருப்பது கலையில் ஒரு பேறு. சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். கோவலன் கொலையுண்பான் என்பதை இளங்கோவடிகள் மறைத்து வைக்கவில்லை, பதிகத்திலேயே சொல்லிவிடுகின்றார். கண்ணகியின் தீக்கனா அதை மீண்டும் நினைவூட்டுகின்றது. ஆகவே கொலைக்களக் காதையில், மாதரியின் மனையில் கண்ணகி தன் கையால் சமைத்துக் கணவனுக்கு இலையிட்டுப் பரிமாறும்போது நம் நெஞ்சு கனக்கின்றது. அது அவனுடைய கடைசி உணவு என்பதை அவ்விருவரும் அறியார், நாம் அறிவோம். நம் அறிவே அவ்வெளிய உணவைப் புனிதமாக்குகின்றது. முடிவு தெரியாதவனுக்கு அது வெறும் சாப்பாடு.

வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணியில் ஏரோதன் குழந்தைகளைக் கொல்வித்ததைப் பாடுகின்றார். அந்நிகழ்ச்சியை மத்தேயு நற்செய்தியில் படித்தறியாத கிறிஸ்தவர் எவர்? அறிந்தும் அழவைப்பதே காப்பியத்தின் ஆற்றல்.

அவ்வண்ணமே, மார்ட்டினின் நூலைப் படித்தவன் அப்பகுதியின் தலைசிறந்த பார்வையாளனாக இருந்திருக்கக்கூடும். அப்பமும் உப்பும் பரிமாறப்பட்ட கணத்திலேயே அவன் கண்கள் பனித்திருக்கலாம். தாய் மகனை நோக்கிப் புன்னகைத்தபோது அவன் தலைகுனிந்திருக்கலாம். ஆனால் அவன் பார்வை கதையிலும் இல்லை, தாயிலும் இல்லை. அருகில் அமர்ந்திருந்தவரின் முகத்தில் இருந்தது. தன் அறிவை அவன் இரக்கமாக்கவில்லை; பொறியாக்கினான். தான் முன்பு தனிமையில் அழுத அழுகையைப் பகிர்ந்துகொள்ள வாய்த்த வேளையில், அடுத்தவரின் கண்ணீரைப் பிடித்து ஊராருக்குக் காட்டினான். விளையாட்டுதானே என்பர். ஆம், விளையாட்டுதான். ஆயினும் எதை விளையாட்டாக்குகிறோம் என்பது ஒரு தலைமுறையின் நெஞ்சைக் காட்டிவிடும்.

அதிர்ச்சிக்கு இன்னொரு குறையும் உண்டு. அது தேய்ந்துபோகும். முதல் முறை கூவியவன் இரண்டாம் முறை கூவமாட்டான். அவனை மீண்டும் கூவச் செய்ய அதனினும் பெரிய கொடுமை வேண்டும். 2013-இல் ‘இனி இத்தொடரைக் காணேன்’ என்று சினந்தவர் பலர். தொடரோ குன்றவில்லை, 2019 மே 19 அன்று வெளியான இறுதிப் பகுதியை அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 93 லட்சம் பேர் கண்டனர். அதற்கு முந்தைய வாரம், மக்கள் விடுதலைத் தலைவியாகப் போற்றிய அரசி, சரணடைந்த நகரத்தையே தீக்கிரையாக்கினாள். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர், இறுதிப் பருவத்தை மாற்றி எடுக்கவேண்டும் என்ற விண்ணப்பத்தில் ஒப்பமிட்டனர். ஆறாண்டுகளுக்கு முன் மக்கள் கொலைகாரன்மீது சினந்தனர்; இப்போது கதை சொன்னவர்மீது சினந்தனர். எரிந்த நகரத்துக் குழந்தைகளைவிட ஏமாந்த தம் எதிர்பார்ப்பே பலருக்குப் பெரிதாயிற்று.

தவக்காலத்துக் கண்ணீர்

இனி நம் கடற்கரையின் வழக்கத்தை நோக்குவோம். இலங்கையில் பணியாற்றிய கோவா நாட்டுக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழில் ‘வியாகுலப் பிரசங்கம்’ இயற்றினார். ஆண்டவரின் பாடுகளை அது படிப்படியாய்ச் சொல்லும். தவக்காலத்தில் அதை இராகத்தோடு வாசிக்க, மூதாட்டியர் தரையில் அமர்ந்து கேட்டுக் கண்ணீர் வடிப்பர். முடிவை அறியாதவர் அங்கே ஒருவரும் இலர். ஐம்பது முறை கேட்டவர் ஐம்பத்தோராம் முறையும் அழுவர். இது மருட்கையன்று, இழவில் பிறந்த அழுகை. இது தேய்வதில்லை, ஆண்டுதோறும் ஆழமாகின்றது. ஏனெனில் கேட்பவளின் சொந்த இழப்புகள், கடலுக்குச் சென்று திரும்பாத கணவனும் நோயில் போன மகளும், ஒவ்வோராண்டும் அக்கதைக்குள் வந்து அமர்கின்றனர்.

மேலும், குருத்து ஞாயிறன்றும் பெரிய வெள்ளியன்றும் பாடுகளின் வரலாறு வாசிக்கப்படுகையில், கூட்டத்தினர் எழுப்பிய கொலைக்குரலை எழுப்புவது யார்? இறைமக்களாகிய நாமே. திருச்சபை நம்மைப் பார்வையாளராய் இருக்க விடுவதில்லை; குற்றவாளிகளின் வரியை நம் வாயில் வைக்கின்றது. ஆண்டவர் உயிர்விட்ட இடத்தில் வாசிப்பு நிற்கின்றது. அனைவரும் முழந்தாளிட்டு மௌனமாகின்றனர். அத்தொடரின் இறுதியில் அமைந்த மௌனம் இந்த மௌனத்தின் தொலைதூர உறவு. வேறுபாடு ஒன்றே: அங்கே மௌனம் முடியுமுன் பேச்சும் பதிவும் தொடங்கிவிட்டன.

உண்மை மரணங்கள்

இவற்றையெல்லாம் பொழுதுபோக்கைப் பற்றிய வாதமாகக் கொண்டால் இத்துணை நீட்டி எழுத வேண்டியதில்லை. கற்பனை மரணம் வரும் அதே திரையில்தான் உண்மை மரணமும் வருகின்றது.

2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாம் நாளில், தூத்துக்குடியில் காவல்துறையினர் சுட்டனர். அன்றும் மறுநாளும் நிகழ்ந்தவற்றில் 13 பேர் உயிரிழந்தனர். வண்டியின்மேல் நின்று ஒருவர் துப்பாக்கியால் குறிபார்க்கும் காட்சி சில மணி நேரத்தில் எல்லார் கைகளிலும் இருந்தது. அதே கையில், அதே விரலால் தள்ளப்பட்டு, அதன் பின்னே ஒரு நகைச்சுவைத் துணுக்கும் ஒரு திரைப்பாடலும் வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் தென்கடற்கரை மீனவரை வாரிச் சென்றபோதும், கதறும் பெண்களின் முகங்கள் அவ்வாறே வந்து அவ்வாறே போயின.

அதிர்ச்சிக்கு மட்டும் பழகிய கண், உண்மை மரணத்தையும் ‘பகுதி’யாகவே காணும். முதல் நாள் அதிரும். மறுநாள் அடுத்ததைத் தேடும். ஆனால் சுடப்பட்டவர்க்கு அடுத்த பருவம் இல்லை. கடலில் உடல் கிடைக்காதவனின் மனைவிக்குக் கதை முடியவும் இல்லை. அவர்களுக்கு வேண்டியவர் அதிர்ந்தவர் அல்லர்; ஆண்டு திரும்பும்போது நினைவுகூர்ந்து வாயிற்படியில் வந்து நிற்பவர். நவம்பர் 2 அன்று கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றி இறந்தோர் பெயரைச் சொல்லும் வழக்கம் இதனாலேயே விலைமதிப்பற்றது.

இந்த வேறுபாட்டை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நற்செய்தியாளர் ஒரே வசனத்தில் காட்டியிருக்கின்றார். கல்வாரியில் ஆண்டவர் உயிர்விட்டபின், அங்குத் திரண்டிருந்த மக்களைப் பற்றி லூக்கா கூறுகின்றார். அவர்கள் திரண்டதன் நோக்கத்தைக் குறிக்க அவர் வழங்கும் கிரேக்கச் சொல் ‘தெயோரியா’. கண்கொள்ளும் காட்சி என்பது பொருள். புதிய ஏற்பாடு முழுவதிலும் இச்சொல் இவ்வோர் இடத்தில் மட்டுமே வருகின்றது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அது. வந்தவாறே அது திரும்பவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு திரும்பிற்று. பிறர் முகத்தில் அடிபட்டதைக் கண்டு நிற்பது அதிர்ச்சி. தன் மார்பில் தானே அடித்துக்கொள்வது மனமாற்றம். பார்வையாளன் சாட்சியாக மாறும் இடம் இதுவே.

ஆகவே பெற்றோர்க்கும் இளைஞர்க்கும் நாம் கூற விழைவது மிகச் சில. வளர்ந்த பிள்ளைகளோடு ஒரு கதையைக் காண நேர்ந்தால், முடிவில் உடனே அடுத்ததற்குத் தாவாதீர்கள். சற்று நேரம் அணைத்துவைத்துப் பேசுங்கள். ‘உன்னை வருத்தியது எது? எதிர்பாராமையா, இழப்பா?’ என்று கேளுங்கள். அருகில் ஒருவர் அழுதால் அவரைப் படம் பிடிக்காதீர்கள், அவரோடு இருங்கள். கதையில் இறந்தவனுக்காகச் சிந்திய கண்ணீரில் ஒரு துளியையேனும், நம் தெருவில் இறந்தவரின் வீட்டாருக்கென வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலந்தலை ஆலயத்தில் திரு இருதயத்தின்முன் வந்து நிற்போர் யாவரும், ஈட்டியால் திறக்கப்பட்ட ஓர் இதயத்தையே ஏறெடுத்து நோக்குகின்றனர். அதில் எதிர்பாராதது எதுவும் இல்லை. குழந்தைப் பருவம் முதல் கண்ட காட்சிதான். ஆயினும் அங்கே விழும் கண்ணீர் பழையதாவதில்லை.